வேன் வந்த பத்தாவது நிமிடம்: குழந்தையின் அடத்தை அடியின்றிக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகன் ஒன்றாம் வகுப்புப் படித்த ஆண்டில், பள்ளி வேன் பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருமுனையில் நின்ற பத்தாவது நிமிடம் வீட்டில் சண்டை மூளும். ஷூ ஒரு பக்கம் பறக்கும். தங்கையின் கையில் எது இருந்தாலும் பிடுங்குவான்; அவள் அழுதால் தள்ளிவிடுவான். நான் அதட்டுவேன், அவன் தரையில் விழுந்து உருளுவான், மாடியில் இருக்கும் வீட்டு உரிமையாளர் அம்மா எட்டிப் பார்ப்பார். ஒருநாள் அடித்துவிட்டேன். அன்று இரவு தூக்கத்தில் அவன் விசும்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுவாரம் குழந்தைகளுக்கான நடத்தைப் பயிற்சியாளர் ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் அவனைத் திருத்துவதற்கு எந்த யோசனையும் சொல்லவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அந்த நோட்டுதான் எங்கள் வீட்டை மாற்றியது. அப்போது கற்றதையும், அதன்பின் அல்சூர், லிங்கராஜபுரம் பக்கத்துத் தாய்மார்கள் சிலரோடு உட்கார்ந்து செய்துபார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இந்த முறையின் வேர்

இதற்கு நேர்மறை நடத்தை ஆதரவு என்று பெயர். 1980-களில் அமெரிக்காவில் வளர்ந்தது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களின் நடத்தையை அடக்க, வலி தரும் தண்டனைகளைக்கூட அங்கே சில நிறுவனங்கள் பயன்படுத்திய காலம் அது. அதைச் சகிக்க முடியாதவர்கள் வேறு வழி தேடினார்கள். 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரு உளவியலாளர்கள் நான்கு குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாடம் கடினமாகும்போதோ, பெரியவர்களின் கவனம் குறையும்போதோ அந்தக் குழந்தைகள் முரண்டு பிடித்தார்கள். பாடம் புரியாமல் தவித்த குழந்தைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லவும், கவனம் வேண்டிய குழந்தைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். முரண்டு வெகுவாகக் குறைந்தது. 1997-இல் அந்நாட்டின் சிறப்புக் கல்விச் சட்டத்திலேயே இந்த அணுகுமுறை இடம்பெற்றது.

இதற்கு அடியில் இருக்கும் எண்ணம் எளியது. குழந்தை அடம் பிடிப்பது ஏதோ ஒன்றைப் பெறுவதற்காக, அல்லது ஏதோ ஒன்றிலிருந்து விலகுவதற்காக. அதைக் கேட்பதற்கு அதைவிட நல்ல வழி ஒன்று கைவரும்வரை அடத்தை அது விடாது. விட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அடியாத மாடு பணியாது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அடித்தால் அந்த நிமிடம் அடங்கும், உண்மைதான். ஆனால் என்ன செய்யக் கூடாது என்பதை மட்டுமே அடி சொல்கிறது. அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்வதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில், பள்ளியில் குழந்தையை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதைத் தடை செய்திருக்கிறது. ஆசிரியருக்கு இல்லாத உரிமையை வீட்டில் நாம் எடுத்துக்கொள்கிறோம் என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் படி: உடம்பைப் பாருங்கள்

எந்தத் திட்டமும் போடுவதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மலச்சிக்கல், காதுவலி, சொத்தைப் பல், தோல் அரிப்பு, மூக்கடைப்பால் கெட்ட தூக்கம் ஆகிய எல்லாமே அடமாக வெளிப்படக்கூடியவை. சொன்னதைக் கேட்பதே இல்லை என்று திட்டு வாங்கும் குழந்தைக்குச் செவித்திறன் குறைவாக இருக்கலாம்.

தூக்கத்தையும் கணக்கெடுங்கள். மூன்று, நான்கு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பள்ளி செல்லும் வயதில் 9 முதல் 12 மணி நேரம் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. இந்த ஊரில் காலை ஏழு மணிக்கு வேன் வந்துவிடும். அப்பா வைட்ஃபீல்டிலிருந்து வீடு சேர இரவு எட்டரை ஆகும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் படுக்கப் போவார்கள். பல வீடுகளில் தூக்கக் கடன் சேர்வது இப்படித்தான்.

இரண்டாம் படி: ஒரே ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுங்கள்

பிடிவாதம், திமிர், முரட்டுத்தனம் என்ற சொற்களை நோட்டில் எழுதாதீர்கள். அவை குழந்தைக்கு நாம் வைக்கும் பெயர்கள். கண்ணால் பார்க்கவும் விரலால் எண்ணவும் முடிகிறதை எழுதுங்கள். "தங்கையைத் தள்ளுகிறான்." "சாப்பாட்டுத் தட்டை எறிகிறாள்." "பல் துலக்கச் சொன்னால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறாள்." பத்துக் குறைகள் இருந்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள். யாருக்காவது அடிபடும் செயல் இருந்தால் அதுவே முதலில். மற்ற ஒன்பதையும் இப்போதைக்குப் பார்த்தும் பாராமல் விட மனத்தைப் பழக்க வேண்டும். எனக்கு இந்தப் படிதான் மிகவும் கடினமாக இருந்தது.

மூன்றாம் படி: நோட்டு

ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்: முன், செயல், பின். முன் என்பதில் நேரம், இடம், உடன் இருந்தவர்கள், அதற்குச் சற்று முன் நடந்தது. பின் என்பதில் நாம் செய்தது, குழந்தைக்குக் கிடைத்தது. நடந்த அரை மணிக்குள் இரண்டு வரி போதும். இரவில் நினைவிலிருந்து எழுதினால் நம் கோபம்தான் பதிவாகும்.

என் நோட்டிலிருந்து ஒரு நாள்: "மாலை 5.20. கூடம். வேனிலிருந்து இறங்கினான். டைரி எங்கே, இன்று என்ன பாடம், டப்பாவில் ஏன் மீதம் என்று கேட்டேன். ஷூவை எறிந்தான், தங்கையைத் தள்ளினான். நான் கத்தினேன். பாட்டி பிஸ்கட் கொடுத்து அழைத்துப் போனார்."

பதினான்கு நாளில் பத்தொன்பது முறை தள்ளியிருந்தான். அதில் பதின்மூன்று மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூட இல்லை. நாள் முழுவதும் முரடனாக இருக்கிறான் என்று நான் நம்பிய பிள்ளை, உண்மையில் ஒரு மணி நேரம்தான் தவித்திருக்கிறான். மதிய உணவு டப்பா பாதி நிறைந்தே திரும்பியிருக்கிறது. பழைய மெட்ராஸ் சாலை நெரிசலில் வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வருகிறான். இன்னொன்றை வேன் உதவியாளர் அம்மாதான் சொன்னார்: பள்ளிக் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் மதியத்திலிருந்து சிறுநீரை அடக்கிக்கொண்டே வருவானாம். அதைக் கேட்டபோது நான் அந்த வேன் பக்கத்திலேயே நின்று அழுதேன்.

நடக்காத நேரங்களையும் எழுதுங்கள். எந்த நாளில், யாரோடு இருக்கும்போது அமைதியாக இருக்கிறாள் என்பது திட்டத்தின் பாதியைச் சொல்லிவிடும்.

நான்காம் படி: எதற்காக என்று கண்டுபிடியுங்கள்

நோட்டைப் புரட்டும்போது ஒவ்வொரு முறையும் பின் என்ற பத்தியைப் பாருங்கள். குழந்தைக்கு இறுதியில் என்ன கிடைத்தது? பெரும்பாலும் விடை நான்கில் ஒன்றாக இருக்கும்: நம் கவனம், ஒரு பொருள் அல்லது விளையாட்டு, பிடிக்காத ஒன்றிலிருந்து விடுதலை, உடம்புக்கே இதமான ஓர் உணர்வு. இரண்டு சேர்ந்தும் இருக்கலாம்.

திட்டுவதும் கவனம்தான். நாள் முழுவதும் மடிக்கணினி முன் இருக்கும் அம்மா, தம்பியைக் கிள்ளியவுடன் எழுந்து வருகிறாள் என்றால் கிள்ளுவது பலன் தருகிறது. பொருளுக்காக என்றால் அல்சூர் பஜாரில் பொம்மைக் கடை வாசலில் உட்கார்ந்துகொள்ளும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் தேவை என்றால் யாரும் பார்க்காதபோதும் அது நடக்கும். சட்டைக் காலரைக் கடிப்பது, முன்னும் பின்னும் ஆடுவது, மிக்ஸி ஓடும்போது காதைப் பொத்திக்கொண்டு கத்துவது எல்லாம் அந்த வகை.

தவறிப்போவது பெரும்பாலும் மூன்றாவதில்தான். லிங்கராஜபுரத்தில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று. தினமும் இரவு வீட்டுப்பாட நேரத்தில் நோட்டைக் கிழிப்பாள். கிழித்தால் தண்டனை: மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். ஆறு மாதமாகத் தண்டனை நடக்கிறது, கிழிப்பதும் நடக்கிறது. நோட்டில் எழுதச் சொன்னோம். கிழிந்தவை எல்லாம் கன்னட நோட்டுகள். வீட்டில் எல்லோரும் தமிழ். கடையில் கன்னடம் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் எழுத்து ஒருவருக்கும் தெரியாது. தனியாக உட்கார்ந்து, உதவி கேட்க ஆளில்லாமல், இருபது வரி பார்த்தெழுதுவதைவிட மூலையில் நிற்பது அந்தக் குழந்தைக்கு எவ்வளவோ மேல். தண்டனை என்று நாம் நினைத்தது அவளுக்கு விடுதலை. கீழ்வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா தினமும் இருபது நிமிடம் உடன் உட்கார ஒப்புக்கொண்டாள். வரிகளைப் பாதியாகக் குறைக்க ஆசிரியையும் இசைந்தார். மூலையில் நிறுத்துவதை அன்றோடு விட்டார்கள். மூன்று வாரத்தில் கிழிப்பது நின்றது.

ஒரே செயலுக்கு வெவ்வேறு வீட்டில் வெவ்வேறு காரணம் இருக்கும் என்பதால்தான் பக்கத்து வீட்டில் பலித்த உத்தி நம் வீட்டில் பலிப்பதில்லை.

ஐந்தாம் படி: முன்பகுதியைச் சரிசெய்யுங்கள்

என்னைக் கேட்டால் இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அடம் தொடங்கிய பின் நம் கையில் இருப்பது கொஞ்சம். தொடங்குமுன் நிறையவே இருக்கிறது.

எங்கள் வீட்டில் செய்தது இவ்வளவுதான். வேன் வரும்போது பாட்டி ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு தெருமுனையில் நிற்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கழிவறை. அதன்பின் பதினைந்து நிமிடம் அவனிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. ஜன்னல் ஓரத்தில் பாயில் படுத்துத் தன் கார்களை வரிசையாக அடுக்குவான். அந்த நேரத்தில் தங்கையை நான் சமையலறையில் என்னோடு வைத்துக்கொள்வேன். முதல் வாரத்திலேயே தள்ளுவது பாதிக்கும் கீழே வந்துவிட்டது, அவனுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்காமலே.

மற்ற வீடுகளுக்கும் பொருந்தக்கூடியவை சில:

நாளின் ஒழுங்கைக் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். எழுந்திரு, பல், குளியல், இட்லி, ஷூ என்று ஐந்து படங்களைக் கதவில் ஒட்டினால் போதும். காலையில் நம் குரல் ஐம்பது முறை சொல்வதைச் சுவர் சொல்லிவிடும். படிக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது உதவுகிறது.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். "இன்னும் ஐந்து நிமிடம்" என்பது சின்னக் குழந்தைக்குப் புரிவதில்லை. மணல் கடிகாரமோ, "இன்னும் மூன்று முறை சறுக்கிவிட்டு" என்ற எண்ணிக்கையோ புரியும்.

பிடிக்காததை முன்னும் பிடித்ததைப் பின்னும் வையுங்கள். "முதலில் பல், பிறகு கதை." டேவிட் ப்ரீமேக் என்ற உளவியலாளர் 1959-இல் இதை ஆய்வின் வழியே ஒரு விதியாக வகுத்தார். நம் பாட்டிகள் "சாப்பிட்டு முடி, நிலா பார்க்கப் போகலாம்" என்று அதற்கு முன்பிருந்தே செய்துவந்தார்கள்.

கேள்வியும் கட்டளையும் கலக்க வேண்டாம். "குளிக்கிறாயா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதும் ஒரு பதில்தான். குளிப்பது உறுதி என்றால் தேர்வை வேறிடத்தில் கொடுங்கள்: "குளிக்கும் நேரம். நீல வாளியா, சிவப்பு வாளியா?"

சொல்வதை அருகில் போய், குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, ஒரு நேரத்தில் ஒன்றாகச் சொல்லுங்கள். செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். "ரோட்டில் ஓடாதே" என்றால் ஓடு என்ற சொல்தான் காதில் விழுகிறது. "என் கையைப் பிடித்து நட" என்றால் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

கவனத்துக்காக அடம் பிடிக்கும் குழந்தைக்குக் கேட்காமலே கொடுங்கள். தினம் பத்து நிமிடம், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, குழந்தை சொல்லும் விளையாட்டை விளையாடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பாடமும் அறிவுரையும் வேண்டாம்.

ஆறாம் படி: அடத்துக்குப் பதிலாக ஒரு சொல்லைக் கற்றுக்கொடுங்கள்

அடம் எதைப் பெற்றுத் தந்ததோ அதையே பெற்றுத் தரும் வேறு செயல் வேண்டும். அது அடத்தைவிட எளிதாகவும் விரைவாகவும் பலன் தர வேண்டும். இல்லையென்றால் குழந்தை பழையதற்கே போகும்.

தள்ளுவதற்குப் பதிலாக என் மகனுக்கு "எனக்கு இடம் வேண்டும்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தோம். கோபத்தின் நடுவில் கற்றுக்கொடுக்க முடியாது. காலையில், சிரித்துக்கொண்டிருக்கும்போது, நானும் அவனும் நாடகம் போடுவோம். நான் தங்கையாக வந்து காரை எடுப்பேன். அவன் கையை நீட்டி அந்த வார்த்தைகளைச் சொல்வான். நான் உடனே விலகுவேன். நாளுக்கு ஐந்து முறை, ஒரு வாரம். அதன்பின் உண்மையாகவே அவன் சொன்ன முதல் நாள், அடுப்பில் தோசையை விட்டுவிட்டு ஓடி வந்து மகளைத் தூக்கிக்கொண்டேன். தோசை கருகியது. முதல் சில வாரங்களில் அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் பலிக்க வேண்டும் என்பதற்காகத்தான். நன்கு பதிந்த பின், "இதோ, ஒரு நிமிடம்" என்று காத்திருக்கப் பழக்கலாம்.

பெங்களூரில் இந்தப் படிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவில் வளர்கிறார்கள். பேச்சு தாமதமான ஒரு நான்கு வயதுப் பையனுக்குப் பகலில் பார்த்துக்கொண்ட ஆயா, போதும் என்பதற்குச் சாகு என்ற கன்னடச் சொல்லைப் பழக்கியிருந்தார். மாலையில் சேலத்திலிருந்து வந்திருந்த பாட்டி ஊட்டும்போது பிள்ளை அதையே சொல்கிறான். பாட்டிக்குச் சாக்கு என்று கேட்கிறது. சாப்பிடாமல் இருக்கச் சாக்குச் சொல்வதாக எண்ணி இன்னொரு கவளம் திணிக்கிறார். அவன் தட்டைத் தள்ளுகிறான். நாகரிகமாகப் போதும் என்று சொன்ன குழந்தைக்குத் தட்டை எறிபவன் என்ற பெயர். எந்தச் சொல் என்று வீட்டில் இருக்கும் அனைவரும், ஆயா உட்பட, உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பேச்சு இன்னும் வராத குழந்தைக்கு உள்ளங்கையைக் காட்டும் சைகையோ ஒரு படஅட்டையோ போதும். அதற்கு மொழி வேண்டியதில்லை.

உடம்பின் தேவைக்காகச் செய்யும் குழந்தைக்குச் சொல் உதவாது, மாற்றுப் பொருள்தான் உதவும். காலரைக் கடிப்பவனுக்குக் கேரட் துண்டு, ஆடிக்கொண்டே இருப்பவளுக்குத் தினமும் பூங்காவில் ஊஞ்சல், மிக்ஸிக்குப் பயப்படுபவனுக்குப் போடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை.

ஏழாம் படி: சரியாகச் செய்யும்போது பிடியுங்கள்

"நல்ல பிள்ளை" என்பதில் குழந்தைக்குத் தகவல் இல்லை. "அவள் உன் காரை எடுத்தபோது கையை நீட்டிக் கேட்டாயே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது" என்பதில் இருக்கிறது. உடனே சொல்லுங்கள், செயலின் பெயரைச் சொல்லுங்கள். ஒரு முறை திருத்தினால் நான்கைந்து முறை பாராட்ட வேண்டும் என்று இந்த முறையைக் கற்பிப்பவர்கள் பரிந்துரைப்பது வழக்கம். என் கணக்கை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன்: பதினொரு திருத்தம், ஒரு பாராட்டு.

நட்சத்திர அட்டை போடலாம், சில வாரங்களுக்கு மட்டும். இலக்கு சின்னதாக இருக்கட்டும். முதல் நாளிலேயே குழந்தை ஒன்றாவது வெல்ல வேண்டும். பெற்ற நட்சத்திரத்தை எந்தக் கோபத்திலும் பிடுங்காதீர்கள். அது அவன் உழைத்த கூலி. பரிசு சாக்லேட்டாகவோ கைப்பேசியாகவோ இருக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஐந்து நட்சத்திரத்துக்கு ஹலசூரு (அல்சூர்) நிலையத்தில் மெட்ரோ ஏறி மூன்றாவது நிலையமான கப்பன் பார்க்கில் இறங்கி நடப்பது பரிசு, அப்பாவோடு மட்டும். அதைவிடப் பெரிய பரிசை அவன் இதுவரை கேட்டதில்லை.

இது லஞ்சம் இல்லையா என்று மாமியார் கேட்டார். கத்தும்போது நிறுத்துவதற்காகக் கொடுத்தால் லஞ்சம். முன்பே பேசி, நல்லது நடந்த பின் கொடுத்தால் கூலி.

எட்டாம் படி: அப்படியும் அடம் வந்துவிட்டால்

வரும். முதலில் யாருக்கும் அடிபடாமல் பாருங்கள். தங்கையைத் தூக்குங்கள், கண்ணாடி டம்ளரை நகர்த்துங்கள். குரலைத் தாழ்த்துங்கள். பேச்சைக் குறையுங்கள். அழுகையின் உச்சத்தில் இருக்கும் குழந்தைக்கு நியாயம் எடுத்துச் சொல்வது மழையில் கோலம் போடுவதுபோல. "கோபமாக இருக்கிறாய். நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு அருகில் உட்காருங்கள்.

அடத்தால் முன்பு கிடைத்தது இம்முறை கிடைக்கக் கூடாது. பொம்மைக்காக அழுதால் பொம்மை இல்லை. வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்க என்றால், அமைதியான பின் ஒரே ஒரு வரியாவது எழுதிவிட்டு மூடலாம். இங்கே கண்டுகொள்ளாமல் விட்டால் தப்பித்ததாக ஆகிவிடும். கண்டுகொள்ளாமல் இருப்பது கவனத்துக்காக நடக்கும் சின்னச் செயல்களுக்கு மட்டுமே உரிய வழி. பயத்தால், வலியால் அழும் குழந்தையையும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தையையும் ஒருபோதும் அப்படி விடக் கூடாது.

ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்: பழைய வழி பலிக்காமல் போகும் முதல் சில நாள்களில் அடம் கூடும். முன்பு பலித்தது ஏன் இப்போது பலிக்கவில்லை என்று குழந்தை இன்னும் உரக்கக் கேட்கிறது. பலர் இந்த இடத்தில் முறையே தவறு என்று கைவிடுகிறார்கள். ஒன்பது முறை மறுத்துப் பத்தாவது முறை கொடுத்தால், பத்து முறை அழ வேண்டும் என்ற பாடத்தைத்தான் கொடுத்திருக்கிறோம். எப்போதாவது கிடைக்கும் பலன்தான் பழக்கத்தை மிக ஆழமாக வேரூன்றச் செய்கிறது. லாட்டரிச் சீட்டு வாங்குபவரைப் பார்த்திருந்தால் இது புரியும். அதனால் கொடுப்பதென்றால் முதல் அழுகைக்கு முன்பே, கேட்டவுடனே கொடுத்துவிடுங்கள். மறுப்பதென்றால் இறுதிவரை மறுக்க உடம்பில் தெம்பு இருக்கும் நாளில் மறுங்கள்.

ஒற்றைச் சுவர் நடுவில் நிற்கும் வாடகை வீடுகளில் இது பெரும் சோதனை. சத்தம் வெளியே கேட்கிறதே என்ற கூச்சத்தில்தான் நான் பலமுறை விட்டுக்கொடுத்தேன். தொடங்கும் முன்பே மாடிவீட்டு அம்மாவிடம் போய், "அடுத்த இரண்டு வாரம் சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும், ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறோம்" என்று சொன்னேன். அவர் அதன்பின் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் அவனைக் கூப்பிட்டுக் கொய்யாப்பழம் கொடுத்தார்.

அடங்கிய பின், எறிந்த ஷூவை அவனே எடுத்து வைக்க வேண்டும். நாமும் கூட ஒன்றை எடுத்து வைக்கலாம். கட்டாய மன்னிப்பு வேண்டாம், அப்பா வந்ததும் அதை மறுபடி சொல்லிக்காட்டவும் வேண்டாம். முடிந்தது முடிந்தது.

வீட்டில் எல்லோரும் ஒரே பக்கத்தில்

அம்மா மறுப்பதும், பாட்டி ஐந்தாவது அழுகையில் பிஸ்கட் கொடுப்பதும், அப்பா வந்தவுடன் கைப்பேசியை நீட்டுவதும் எந்தத் திட்டத்தையும் கரைத்துவிடும். மாமியாரிடம் வாதிட்டு நான் ஒருமுறைகூட வென்றதில்லை. நோட்டைக் காட்டினேன். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் பதின்மூன்று கோடுகளைப் பார்த்தவர், "பிள்ளை பசியில் வருகிறது, நீ டைரி கேட்கிறாய்" என்றார். வாழைப்பழ யோசனை அவருடையது. தடுக்கப்படுபவராக இருந்தவர் அன்றிலிருந்து பொறுப்பாளர் ஆனார். பெரியவர்களுக்கு எதைச் செய்யக் கூடாது என்று சொல்வதைவிட ஒரு வேலையைக் கொடுப்பது மேல். குழந்தைக்குச் சொன்ன அதே விதிதான். முடிவு செய்ததை மூன்று வரியாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள், ஆயாவும் அப்பாவும் பார்க்கும்படி.

ஞாயிறுதோறும் எண்ணுங்கள். வாரத்துக்கு ஒன்பது, ஏழு, மூன்று என்று இறங்கினால் வழி சரி. மூன்று வாரமாகியும் அசையவில்லை என்றால் குழந்தையின் மேல் பழி போடாமல் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். காரணத்தை நாம் தவறாக ஊகித்திருப்போம்.

எப்போது நிபுணரிடம் போக வேண்டும்

குழந்தை தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால், பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்தால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால், இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால் காத்திருக்க வேண்டாம். "ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான்" என்ற ஆறுதலில் பொன்னான மாதங்களைத் தொலைத்த வீடுகளை எனக்குத் தெரியும். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று மாறினால், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கோ ஆளிடமோ போக அஞ்சினால், யாரேனும் துன்புறுத்துகிறார்களா என்று மென்மையாக விசாரியுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண்.

ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநலத் துறை தனியாகவே இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். குழந்தைக்காக மட்டும் இல்லை, கை ஓங்கிவிடுவோமோ என்று தனக்கே அஞ்சும் அம்மா, அப்பாவும் அழைக்கலாம்.

போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி டைரியையும், வீட்டில் நடந்ததைப் படம்பிடித்த ஒரு நிமிடக் காணொளி இருந்தால் அதையும். எப்போது, எங்கே, யாரோடு, அதற்குமுன் என்ன நடந்தது என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.